பாபநாசத்தில் போன வேட்டி

நேற்று பாபநாசம் போய் வந்தோம். போகும்போது ஐந்து பேர், ஒரு புது வேட்டி. திரும்பும்போது ஐந்து பேர் மட்டும்.

மாமாவின் எழுபதாவது பிறந்தநாளுக்கு எடுத்த வேட்டி அது. அன்றைக்கே சாம்பார் தெறிக்கும் என்று பயந்து, பந்தியில் உட்காரும் முன் அவிழ்த்து மடித்து பீரோவில் வைத்துவிட்டார். அதன்பின் பாச்சை உருண்டை வாசத்தோடு அது அங்கேயே குடியிருந்தது. சொந்தக்காரர் கல்யாணம் எதற்கும் வெளியே வராத வேட்டி, தாமிரபரணிக்காக வந்தது.

வீட்டுக்காரருக்கு வழக்கம்போல் லீவு கிடைக்கவில்லை. கொழுந்தன் புதுக் காரை எடுத்தான். மேலப்பாளையம் தாண்டுவதற்குள் மாமா பிரசங்கத்தை ஆரம்பித்துவிட்டார். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேருகிற ஆறாம். தண்ணீர் விடச் சொல்லிப் பக்கத்து மாநிலத்தைக் கெஞ்ச வேண்டாத ஆறாம். அதில் போய்ப் பரிகாரம் என்று பழந்துணியை அவிழ்த்து விடுகிறவர்களை என்ன செய்தால் தகும்? என்ன செய்தால் தகும் என்பதையும் அவரே வரிசையாகச் சொன்னார். என் மகள் காதில் இருந்த வயரைக் கழற்றவே இல்லை.

பத்தமடையில் அத்தை பாய் பார்க்க வேண்டும் என்றார். பாய் நெய்கிற அம்மா, ஆற்றில் ஊறப்போட்டு எடுத்த கோரையை நகக்கண்ணுக்குள் நுழைகிற அளவுக்குக் கிழித்து வைத்திருந்தார். நெய்து முடித்த பட்டுப்பாயைக் கைக்குட்டைபோல் சுருட்டிக் காட்டினார். மாமா பேரத்தில் இறங்கினார். ரிஷிகேசம் சிவானந்தர் 1887இல் பிறந்த ஊர் இது என்று அந்த ஊர்க்காரருக்கே எடுத்துச் சொன்னார். அவர் மிகுந்த மரியாதையுடன் கேட்டுக்கொண்டார். விலையில் ஒரு ரூபாய் குறையவில்லை.

பாபநாசம் படித்துறையில் சேதாரம் இல்லாமல்தான் தொடங்கியது. மகள் பொரி போட, மீன்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வாயைப் பிளந்தன. அத்தை சேலையோடு இறங்கி முங்கிவிட்டு ஓரமாக உட்கார்ந்துகொண்டார். மாமா வேட்டியை அவிழ்த்து, விளிம்போடு விளிம்பு சேர்த்து எட்டாக மடித்து, மூன்றாம் படியில் வைத்துவிட்டுத் துண்டோடு இறங்கினார். இரண்டாவது முங்கலில் காலில் எதுவோ சுற்றியது. இழுத்தார். யாரோ விட்ட சேலை. திரௌபதி சேலைபோல் வந்துகொண்டே இருந்தது. அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு படித்துறை முழுவதையும் பார்த்து ஒரு சொற்பொழிவு நிகழ்த்தினார். பத்து நிமிடம் இருக்கும். கேட்டவர்கள் நாங்கள் நால்வரும் மீன்களும்.

திரும்பிப் பார்த்தால் மூன்றாம் படி காலி.

பொரி விற்கிறவர்தான் விஷயத்தைச் சொன்னார். விட்ட துணிகளைக் கொக்கிக் கம்பால் இழுத்து மூட்டை கட்டுகிறவர்கள் வந்தார்களாம். கரையில் கிடந்ததையும் சேர்த்து அள்ளி வண்டியில் ஏற்றிவிட்டார்களாம். வண்டி போய்விட்டது. “புதுசாக இருந்ததே, யோசிக்க வேண்டாமா?” என்று மாமா கத்தினார். “பாவம் பெரிதாக இருந்தால் சிலர் புதுசும் விடுவார்கள், அண்ணாச்சி” என்றார் பொரிக்காரர். ஆற்றில் துணி விடுகிறவர்களை ஒழிக்கச் சொன்ன மனிதரின் பாவம் அத்தனையும், எழுபது வருடத்துக்கும் சேர்த்து, இப்படியாக மூட்டையில் ஏறிப் போனது.

“பத்தமடைப் பாயைச் சுற்றிக்கொள்ளலாம் அப்பா” என்றான் கொழுந்தன். அவனுக்குக் கிடைத்த பதிலை இங்கே எழுதுவதற்கில்லை. அத்தை ஒன்றும் பேசாமல் வயர்கூடையைத் திறந்து, மாங்காய்க் கரை போட்ட கத்தரிப்பூ நிறச் சேலையை எடுத்து நீட்டினார். மாமா அதை இரண்டாக மடித்துக் கட்டிக்கொண்டார். கரை பிரமாதமாக விழுந்தது.

நேராக வீட்டுக்குப் போய்விடலாம் என்றேன். வீம்பு கேட்குமா? போட்ட திட்டப்படிதான் போக வேண்டுமாம்.

கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் வாங்கினோம். அப்பளக்கார அம்மா மாமாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கேட்காமலே இரண்டு அப்பளம் கூடுதலாக வைத்தார். ஆறுதலாக எதையாவது சொல்லலாம் என்று நினைத்து, “இந்த ஊர் குலசேகரமுடையார் கோயில் நடராஜர் 1982இல் திருட்டுப் போய், ஆஸ்திரேலியாவிலிருந்து 2019இல் திரும்பி வந்தாரே மாமா, உங்கள் வேட்டி வராதா?” என்றேன். மாமா விரல்விட்டுக் கணக்குப் போட்டார். “37 வருடம். அப்போது எனக்கு 107 வயது” என்றார். அதன்பின் வீரவநல்லூர் வரை காரில் பேச்சே இல்லை. கொழுந்தன் மட்டும், பின் சீட்டு நனைந்திருக்கிறது, யார் ஈரத்துண்டைப் போட்டது, புதுக் கார், என்று முனகிக்கொண்டே ஓட்டினான். மாமாதான் என்று முடிவு செய்து, சொல்லப் பயந்து, மறுபடியும் முனகினான்.

திருப்புடைமருதூரில் மருதமரங்கள் முழுக்கக் கொக்கும் நாரையும். கோபுரத்தின் உள்தளங்களில் இருக்கும் பழைய ஓவியங்களைப் பார்க்கத்தான் அவ்வளவு தூரம் போனோம். சேலை தடுக்கும் என்று மாமா ஏற மறுத்தார். அவர் பார்க்காத ஓவியத்தை நாங்கள் மட்டும் பார்த்தால் அதையும் ஒரு மாதம் கேட்க வேண்டியிருக்கும் என்று நாங்களும் ஏறவில்லை. அர்ச்சகர் கரையைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. வெளியே வந்து மரத்தடியில் நின்று பறவைகளை அண்ணாந்து பார்த்தபோது மாங்காய்க் கரைமேல் சரியாக ஒரு நாரை தன் கடமையை முடித்தது. நானும் மகளும் காருக்குப் பின்னால் போய்ச் சிரித்துவிட்டு வந்தோம்.

வீட்டுக்கு வந்து காபி கலக்கும்போது அத்தை தும்மினார். ஒன்று, இரண்டு, நான்கு. துவைக்கப் போட வயர்கூடையைக் கவிழ்த்தேன். துண்டுகள், மகளின் உடுப்பு, என் உடுப்பு. அத்தையுடையது ஒன்றுமே இல்லை.

“எப்போது சேலை மாற்றினீர்கள் அத்தை?”

“மாற்ற என்ன இருந்தது? காற்றிலேயே காய்ந்துவிட்டது” என்றார்.

கொழுந்தன் கார் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு மெதுவாக மொட்டைமாடிக்குப் போய்விட்டான்.

அடுக்களையில் டப்பாக்கள் உருண்டன. கல்யாணமாகி நாற்பது வருடத்தில் சீனி டப்பா எது என்று தெரிந்துகொள்ளாத மாமா, ஒவ்வொன்றாகத் திறந்து முகர்ந்துகொண்டிருந்தார். சுக்கைக் கண்டுபிடித்துத் தட்டியும் வைத்திருந்தார். நாரை போட்டது காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்த அதே சேலையில் நின்றுகொண்டு, திரும்பிப் பார்க்காமல் கேட்டார்:

“கருப்பட்டி எதில் இருக்கிறது?”