தெலுக் பஹாங்கில் குரங்குகளுக்கு ஒரு பாலம்

பினாங்கு வருகிறவர்கள் ஜார்ஜ் டவுனில் சுவரோவியம் பார்த்து, நாசி கண்டார் சாப்பிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். நேரமிருந்தால் 101ஆம் எண் பேருந்தில் ஏறித் தெலுக் பஹாங் வரை போய்ப் பாருங்கள். வழியெல்லாம் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மலை, இடையில் எங்கே இடம் கிடைத்தாலும் அடுக்குமாடி.

அங்கே சாலைக்கு மேலே ஒன்று தொங்கும், மின்கம்பி என்று நினைத்துத் தாண்டிவிடுவோம். பழைய தீயணைப்புக் குழாய்களை வைத்துச் செய்த குரங்குப் பாலம் அது. லங்கூர் புரோஜெக்ட் பினாங்கு குழு 2019இல் கட்டி, 'ஆ லாய்ஸ் கிராசிங்' என்று பெயர் வைத்தது. ஆ லாய் அங்கே திரிந்த கூட்டத்தின் தலைவன். எந்த ஒய்பி (மக்கள் பிரதிநிதி) பெயரையும் வைக்காமல் குரங்கின் பெயரை வைத்தது எனக்கு ரொம்பப் பிடித்தது.

மூக்குக்கண்ணாடி மாட்டியதுபோல கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் உள்ள டஸ்கி லங்கூர்களுக்காகத்தான் இந்த ஏற்பாடு. குட்டி மட்டும் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். இலை, காய், பூ தின்று மரத்திலேயே வாழும் இனம், அதனால் நமக்கு ஒரு சாதாரண ரோடாகத் தெரிவது அதற்குச் சுவர். இறங்கி ஓடினால் கார் அடிக்கும், கம்பியில் தொங்கினால் ஷாக் அடிக்கும், தாண்டாமலே இருந்துவிட்டால் அந்தத் துண்டுக் காட்டுக்குள்ளேயே இரையும் இணையும் தேடவேண்டும், தலைமுறைகள் போகப்போக நெருங்கிய உறவுக்குள்ளேயே குட்டி போட வேண்டியதுதான்.

பழக்கடை அக்காவிடம் இதைச் சொன்னதும் சிரித்துவிட்டார். "என்ன தம்பி, இங்க குரங்குக்கா பஞ்சம்?" அவர் சொல்வது நீளவால் மக்காக்குகளை. தண்ணீர்மலைப் பக்கம் பையைப் பிடுங்குமே, அதுதான். குப்பை, சோறு, பழம் என்று எது கிடைத்தாலும் தின்னும் என்பதால் காட்டை வெட்ட வெட்ட, காட்டோரம் கூடக் கூட, அதற்குக் கொண்டாட்டம். அதை எண்ணிப் பார்த்துவிட்டுக் காடு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது.

பினாங்கில் 76 மீட்டருக்கு மேலுள்ள நிலமும் 25 டிகிரிக்கு மேல் சரிவான நிலமும் மலை நிலம் என்று கணக்கு, அங்கே சாதாரணமாகக் கட்டடம் கட்ட விடமாட்டார்கள். நல்ல விதிதான், ஆனால் ஒரு மேட்டுக் காட்டை இன்னொரு காட்டோடு சேர்க்கிற இடம் பல நேரம் அடிவாரத்தில்தானே இருக்கிறது? வீடும் ரோடும் வருவதும் அங்கேதான். வரைபடத்தில் பச்சை அப்படியே இருக்கும், நடுவில் தொடர்பு மட்டும் அறுந்து போயிருக்கும். தொங்குபாலம் கட்டியதைப் பாராட்டும்போதே, அங்கே முதலில் மரம் இருந்ததே என்றும் தோன்றுகிறது.

இது டுரியான் தோட்டக்காரர்களையும் பாதிக்கும் விஷயம்தான். டுரியான் பூவுக்கு இரவில் மகரந்தம் சுமப்பது தேன் குடிக்கும் வௌவால். அது குகையில் தங்கும், டுரியான் பூக்காத மாதங்களில் அலையாத்திப் பூக்களையும் தேடிப் போகும். அந்த இடங்களில் கை வைத்தால் தோட்டத்தில் காய்ப்பும் குறையும்.

சரி, பாலம் பார்க்கப் போனால் காலையிலேயே போங்கள். வாழைப்பழம் எடுத்துப் போகாதீர்கள், இலை தின்னும் குரங்குக்கு அது ஆகாது, வாசனை பிடித்து வந்து நிற்பது மக்காக் கூட்டமாகத்தான் இருக்கும்.