அம்மாவோட வலிக்கு கடைசியா காரணம் கெடச்சுது

அம்மாவுக்கு ரெண்டு வருஷமா இடுப்பு வலி, கால் வலி, நடுவுல ரெண்டு தடவ கிட்னி ஸ்டோன் வேற, கேட்டா எல்லாரும் வயசாச்சுல்ல, சுகரும் இருக்குன்னு சொல்லி அனுப்பிடுவாங்க. ராத்திரி சுவத்தப் புடிச்சுக்கிட்டேதான் பாத்ரூம் போவாங்க, பாக்கவே தாங்காது. போன மாசம் எண்டோகிரைனாலஜிஸ்ட்கிட்ட, அதான் ஹார்மோன் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். அந்த டாக்டரம்மா பழைய ஃபைல ஒவ்வொரு பேப்பரா புரட்டி ஒரு இடத்துல பேனாவால வட்டம் போட்டாங்க, ரத்தத்துல கால்சியம் 11.4, இருக்க வேண்டியதவிட அதிகம். அப்புறம் பாராதைராய்டு ஹார்மோன் பாக்குற பி.டி.எச். டெஸ்ட், எலும்பு எவ்வளவு கெட்டியா இருக்குன்னு பாக்குற டெக்ஸா ஸ்கேன். ஸ்கேன்ல எலும்போட டி ஸ்கோர் மைனஸ் 3.1, மைனஸ் 2.5 வந்தாலே ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்பு பலமில்லாம போற நோய். தைராய்டுக்குப் பின்னாடி அரிசி அளவுல நாலு பாராதைராய்டு சுரப்பி இருக்குல்ல, அதுல ஒண்ணு வீங்கி எலும்புல இருக்குற கால்சியத்த உருவி ரத்தத்துல கொட்டிட்டு இருந்திருக்கு, கல்லு வந்ததும் அதாலதான். எலும்பு வலியும் கல்லும் சேர்ந்து இருந்தா கால்சியம் டெஸ்ட் எடுத்துப் பாருங்க ப்ளீஸ். அம்மாவுக்கு வர்ற வியாழக்கிழமை ஆபரேஷன்.