ஏழு பருவங்களும் முதியவர் ஆதாமும்

ஷேக்ஸ்பியரின் ‘ஆஸ் யூ லைக் இட்’ நாடகத்தில், தன் மனச்சோர்வையே ஒரு பெருமையாகச் சுமந்து திரியும் ஜேக்வீஸ், உலகம் முழுவதும் ஒரு நாடகமேடை என்று தொடங்கி, ஆணின் வாழ்க்கையை ஏழு பருவங்களாகப் பிரிக்கிறான். செவிலியின் கைகளில் அழும் குழந்தை, நத்தையாய் ஊர்ந்து பள்ளிக்குப் போகும் சிறுவன், பெருமூச்சு விடும் காதலன், படைவீரன், தொந்தி பெருத்த நீதிபதி, காலுறை தொளதொளக்கும் கிழவன், இறுதியில் பல்லும் பார்வையும் சுவையும் போய் எல்லாமே அற்ற நிலை. ஓவியர்களுக்கு இவ்வளவு தெளிவாகக் காட்சி பிரித்துக் கொடுத்த வசனம் வேறெதுவும் எனக்கு நினைவில் இல்லை.

ஆனால் அவன் பேசி முடித்த மறுகணமே, எண்பதை நெருங்கும் பணியாளர் ஆதாமைச் சுமந்துகொண்டு நாடகத்தின் இளம் நாயகன் ஆர்லாண்டோ மேடைக்கு வருகிறான். தன் சேமிப்பை எல்லாம் இளைஞனுக்குக் கொடுத்து, அவனோடு காட்டுக்கும் வந்த அந்த முதியவரைக் கண்டபின், ‘எல்லாமே அற்ற’ முதுமை என்னும் பேச்சு செல்லுபடியாவதில்லை. ஏழு பருவங்களை வரைபவர்கள் பெரும்பாலும் வசனத்தோடு நின்றுவிடுகிறார்கள் என்பதே என் குறை.

லண்டனில் ஜான் பாய்டெல் 1789-இல் திறந்த ஷேக்ஸ்பியர் ஓவியக்கூடத்துக்காக ராபர்ட் ஸ்மர்க் வரைந்த ஏழு ஓவியங்கள் இன்று யேல் பல்கலைக்கழகத்தின் பிரிட்டிஷ் கலை மையத்தில் உள்ளன. நேர்த்தியானவைதான்; எனினும் தனித்தனிச் சட்டங்களுக்குள் அடைபட்டிருப்பதால் ஒரு பருவம் இன்னொன்றைப் பார்ப்பதே இல்லை. வில்லியம் முல்ரெடி 1838-இல் ராயல் அகாடமியில் காட்சிக்கு வைத்த ஓவியமோ எல்லாப் பருவத்தினரையும் ஒரே காட்சிக்குள் கொண்டுவருகிறது. சற்று நெரிசலான படம் என்றாலும், குழந்தையும் கிழவனும் அடுத்தடுத்து வாழும் உலகம் அது. ஆதாம் நுழைந்தால் அங்கே அவருக்கு இடம் இருக்கும்.

இவற்றினும் துணிச்சலானது, ரிச்சர்ட் கிண்டர்ஸ்லி 1980-இல் லண்டன் பிளாக்ஃபிரையர்ஸ் பகுதியில் அமைத்த அலுமினியச் சிற்பம். ஷேக்ஸ்பியரின் குழுவினர் நடித்த அரங்கம் ஒன்று அப்பகுதியில்தான் இருந்தது. ஏழு தலைகள், ஒன்றன்மேல் ஒன்றாக; அவ்வளவுதான். ஜேக்வீஸ் மனிதர்களைப் புத்தகப்பை, தாடி, தொந்தி, மூக்குக்கண்ணாடி ஆகியவற்றை வைத்தே கேலி செய்கிறான். கிண்டர்ஸ்லி அந்த வேடப்பொருள்களை விலக்கிவிட்டு முகத்தை மட்டும் முதிரவிடுகிறார். அங்கே வீரனையும் நீதிபதியையும் பிரித்துக் காட்டுவது வயது மட்டுமே என்பதால், ஜேக்வீஸின் கேலிக்குப் பிடி எதுவும் கிடைப்பதில்லை.