மேடானில் தொலைந்த பதினான்கு மாதங்கள்

பினாங்கிலிருந்து இந்தோனேசியாவின் மேடானுக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்தான். அங்கே கடிகாரம் ஒரு மணி பின்னால் என்பதால், ஏறிய நேரத்துக்கே இறங்கிவிடலாம். எங்கள் மீன் மசாலாவும் அப்படிச் சுலபமாகப் போய் இறங்கிவிடும் என்று நம்பினேன். பதினான்கு மாதம் வீணாயிற்று.

இந்தோனேசியாவில் இறக்குமதி உணவுக்கு, அந்நாட்டு உணவு, மருந்துக் கண்காணிப்பு அமைப்பான பிபிஓஎம் தரும் 'எம்எல்' என்ற பதிவு எண் வேண்டும் என்பது ஏற்றுமதி செய்பவர்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் அதை வாங்குபவர் நாமல்ல, அங்குள்ள இறக்குமதியாளர். சரக்கு நம்முடையது, எண் அவர் கையில். இதன் கனம் எனக்கு அப்போது உறைக்கவில்லை.

கிடைத்தவர் தேனாகப் பேசினார். "அண்ணே, நீங்கள் தூளை அனுப்புங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். ஐந்து ஆண்டுக்கு, 38 மாநிலங்களுக்கும் அவரே ஏக முகவர் என்று கையெழுத்திட்டுக் கொடுத்தேன். அவருடைய வண்டி மேடானைத் தாண்டியதே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. எண் வந்தது. ஒரே ஒரு முறை சரக்கு எடுத்தார். அதன்பின் எப்போது அழைத்தாலும் "அடுத்த மாதம் அண்ணே". கடைசியில் நானே போய், மேடானில் தமிழர் வாழும் கம்போங் மெட்ராஸ் பக்கம் ஒரு மளிகைக் கடையில் விசாரித்தேன். வேறொரு மீன் மசாலாவுக்கும் அவர்தான் முகவராம். எங்களுடையது அலமாரிக்கு வராமல் இருப்பதில்தான் அவருக்கு லாபம். எங்கள் ஒப்பந்தத்திலோ, குறைந்தது இவ்வளவு எடுக்க வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. கெஞ்சித்தான் விடுபட்டோம்.

பெயராவது பிழைத்தது தங்கையின் புண்ணியம். அங்கே வணிகக் குறி முதலில் விண்ணப்பித்தவருக்கே. ஒப்பந்தத்துக்கு முன்பே, ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளில் வணிகக் குறி கேட்கும் மேட்ரிட் முறையில் அவள் எங்கள் பெயரில் விண்ணப்பித்திருந்தாள். மலேசியா 2019-இலும் இந்தோனேசியா 2018-இலும் அதில் சேர்ந்திருக்கின்றன. அந்தக் கட்டணத்துக்காக அவளோடு சண்டை போட்டவன் நான்.

புதிய முகவருக்குப் புதிய எண், எல்லாத் தாள்களும் மறுபடி. மலேசிய அரசின் இஸ்லாமிய மேம்பாட்டுத் துறையான ஜாக்கிமின் ஹலால் சான்று கையில் இருந்ததால் ஹலால் பகுதி வலிக்கவில்லை. முகவரை நியமிக்கும் கடிதத்துக்கு முத்திரை வாங்கப் போன இடத்தில்தான் மாட்டிக்கொண்டேன். கடிதத்தில் ஜார்ஜ்டவுன் அலுவலக முகவரி, சரக்கு இங்கே தடையின்றி விற்கப்படுகிறது என்று காட்டும் விற்பனைச் சான்றிதழில் பட்டர்வொர்த் ஆலை முகவரி. "இரண்டும் ஒரே கம்பெனி என்று எனக்கு எப்படித் தெரியும்?" என்று முகப்பிலிருந்தவர் தலை நிமிராமலே தாளைத் தள்ளினார். அன்றைய நாள் போயிற்று. மறுநாள் இரண்டு முகவரியும் உள்ள கம்பெனிப் பதிவுத் தாளை நீட்டியதும் ஐந்தே நிமிடத்தில் முத்திரை விழுந்தது. அந்த ஒற்றைத் தாளை முதல் நாளே கேட்டிருக்கலாம்!

லேபலுக்கு நம்மூர் மலாய் போதும் என்று எண்ணிவிடாதீர்கள். பாக்கெட்டில் '20 கிராம் பெர்சுமா' என்று சிவப்பில் பெரிதாக அச்சிட்டிருந்தோம். இங்கே அதற்கு இலவசம் என்று பொருள், அங்கே வீண் என்று பொருள். புதிய முகவர் தொலைபேசியில் சிரித்து ஓயவில்லை. ஆலையில் தயாரிக்கப்பட்டது என்ற பொருளில் 'டிகிலாங்' என்றிருந்ததையும் மாற்றச் சொன்னார். கிலாங் என்றதும் அங்குள்ளவர்களுக்கு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைதான் நினைவுக்கு வருமாம்.

இவருக்கு மேடான் இருக்கும் வட சுமத்ரா மாநிலம் மட்டும், இரண்டே ஆண்டு. காலாண்டுக்கு இத்தனை பெட்டி என்று எண்ணோடு எழுதியிருக்கிறது. போன வாரம் முதல் நாற்பது பெட்டி கப்பலேறியது. 'பெர்சுமா' பாக்கெட்டுகள் இன்னும் தீரவில்லை, எங்கள் வீட்டில் தினமும் மீன் குழம்பு.