நாட்டின் கடனும் எங்கள் ஈ.பி.எப் காசும்

இலங்கையில் கட்டுநாயக்கப் பக்கம் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் சம்பளப் பகுதியில் வேலை செய்கிறேன். தையல் மெஷினில் இருக்கும் பிள்ளைகள் முதல் பெரிய முகாமையாளர்கள் வரை எல்லோருடைய சம்பளக் கணக்கும் என் மேசையைத் தாண்டித்தான் வங்கிக்குப் போகும். அரசாங்கம் வரியைக் கூட்டினாலும் குறைத்தாலும் அந்த மாத முடிவில் அது எங்கள் பட்டியலில் ஒரு நிரலாக வந்து நிற்கும். நாடு பட்ட கடனைச் சாதாரண சனம் ஏன் கட்ட வேண்டும் என்று 2022க்குப் பிறகு எல்லோரும் கேட்கத் தொடங்கினார்கள். இந்த வேலையில் கண்டதை வைத்துத்தான் அதற்கு நான் பதில் சொல்ல முடியும். கடைசியில் கட்டுவது சனம்தான், வேறு யாரும் வந்து கட்டப் போவதில்லை. எந்தச் சனம், எவ்வளவு, யாரைக் கேட்டுக் கட்டுகிறது என்பதில்தான் எனக்குத் தீராத மனக்குறை.

2020 ஆரம்பத்துக்குப் போக வேண்டும். 2019 நவம்பரில் ஜனாதிபதியான கோட்டாபய ராஜபக்ஷ, வந்த வேகத்தில் பெரிய வரிக்குறைப்பு ஒன்றைச் செய்தார். சாமான்கள் வாங்கும்போது விலையோடு சேர்த்துக் கட்டும் வற் (VAT) வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமானது. சம்பளத்தில் நாங்கள் கட்டாயமாகப் பிடித்துவந்த வரி நிறுத்தப்பட்டது. அதற்கு முன்னர் மாதம் ஓர் இலட்சத்துக்கு மேல் எடுப்பவர்களிடம் 4 முதல் 24 வீதம் வரை பிடிப்போம். புதிய ஏற்பாட்டில் மாதம் இரண்டரை இலட்சம் வரைக்கும் வரியே கிடையாது. அதற்கு மேலே போனாலும் கூடியது 18 வீதம், அதையும் ஊழியர் சம்மதித்தால்தான் பிடிக்கலாம்.

பட்டியலைப் பழைய மாதத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது எங்கள் வழக்கம். முகாமையாளர்களின் கைக்குப் போகும் தொகை நன்றாகக் கூடியிருந்தது. அவர்களுக்குக் கீழே இருப்பவர்களுக்குக் கொஞ்சம் கூடியிருந்தது. லைனில் தைக்கும் பிள்ளைகளின் நிரலில் ஒரு சதமும் மாறவில்லை. அவர்களின் சம்பளம் ஓர் இலட்சத்துக்குக் கிட்டவும் போனதில்லை, ஆகவே குறைப்பதற்கு அங்கே வரி ஒன்றும் இருக்கவில்லை. எங்கள் தொழிற்சாலையில் தொகையாகப் பெரும்பான்மை அந்தப் பிள்ளைகள்தான்.

அந்தச் சலுகைக்கு நாடு கொடுத்த விலை பெரியது. அரசின் வருமானம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 9 வீதத்துக்கும் கீழே போனது. கொரோனாவும் சேர்ந்துகொண்டது. கடன் தரப்படுத்தும் நிறுவனங்கள் 2020லேயே இலங்கையைக் கீழே இறக்கின. வெளிநாட்டுச் சந்தையில் புதுக்கடன் எடுத்துப் பழையதைக் கட்டிவந்த வழி அடைபட்டது. அப்படியிருந்தும் 2022 ஜனவரியில், டொலர் தட்டுப்பாட்டில் நாடு மூச்சுத் திணறிக்கொண்டிருந்தபோது, 50 கோடி டொலர் இறைமை முறி ஒன்றை, அதாவது வெளிநாட்டுச் சந்தையில் விற்ற அரச கடன் பத்திரம் ஒன்றை, முழுசாகக் கட்டினார்கள். ஏப்ரல் 12ஆம் திகதி, இனி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். 1948க்குப் பிறகு நாடு இப்படிக் கைவிரித்தது அதுதான் முதல் தடவை.

அடுத்த மாதங்களைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை, வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்குப் போனது. அந்த செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் காட்டிய பணவீக்கம் 70 வீதத்தை ஒட்டியது. சாப்பாட்டுச் சாமான்களுக்கு மட்டும் 95 வீதத்தை நெருங்கியது. அந்த வருடத்துக்கு ஈ.பி.எப் (ஊழியர் சேமலாப நிதி) கணக்குகளில் வரவு வைத்த வட்டி 9 வீதம். ஒருவரும் கை வைக்காமலே, வாக்கெடுப்பு எதுவும் நடக்காமலே, எங்கள் பிள்ளைகளின் சேமிப்பில் பெரும்பகுதி அந்த ஒரு வருடத்தில் கரைந்துபோனது. கடனின் முதல் தவணையை அவர்கள் அப்போதே கட்டிவிட்டார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

2023 ஜனவரியில் சம்பள வரி திரும்ப வந்தது. மாதம் ஓர் இலட்சத்துக்கு மேல் 6 வீதத்தில் தொடங்கி 36 வீதம் வரை. முகாமையாளர்கள் கொதித்தார்கள். டொக்டர்கள், விரிவுரையாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். என் சம்பளத்திலும் பிடித்தார்கள். 36 வீதம் அவ்வளவு சீக்கிரம் வந்து சேர்வது கடுமை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் கடனுக்குச் சனம் காசு கொடுக்கத்தான் வேண்டும் என்றால் இதுதான் ஓரளவு நியாயமான வழி. கூட எடுப்பவர் கூடக் கொடுக்கிறார், எவ்வளவு கொடுக்கிறார் என்பது பே சிலிப்பில் அச்சாகிறது, கோபம் வந்தால் யாரைக் கேட்பது என்றும் தெரிகிறது. வற் வரியை 8இலிருந்து 12, 15, கடைசியில் 2024 ஜனவரியில் 18 என்று ஏற்றிக்கொண்டே போனதில் இந்த நியாயம் எதுவும் இல்லை. பெரிய வீட்டுக்காரரும் போடிங் அறையில் மூன்று பேராகத் தங்கும் பிள்ளையும் சவர்க்காரத்துக்கு ஒரே வரிதான் கட்டுகிறார்கள்.

அப்புறம் வந்ததுதான் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு, அதாவது அரசாங்கம் நாட்டுக்குள்ளே பட்ட கடனின் வட்டியையும் தவணையையும் மாற்றுவது. 2023 ஜூன் 30ஆம் திகதி விசேட வங்கி விடுமுறை. ஜூலை முதலாம் திகதி பாராளுமன்றத்தில் வாக்கெடுப்பு, ஆதரவாக 122, எதிராக 62. அதற்கு முந்திய நாட்களிலேயே எங்கள் யன்னலடியில் கூட்டம். சாப்பாட்டு நேரத்தில் வரிசையாக வந்து நின்று, ஈ.பி.எப் காசை எடுக்கிறார்களாமே என்று தமிழிலும் சிங்களத்திலும் கேட்டார்கள். பலருக்குத் தங்கள் பெயரில் எவ்வளவு இருக்கிறது என்பதே தெரியாது. அடிப்படைச் சம்பளம் 30,000 என்றால் அதில் 8 வீதம், 2,400 ரூபாய், ஊழியரிடம் பிடிக்கிறோம். கம்பனி 12 வீதம், 3,600 ரூபாய், சேர்க்கிறது. மாதம் 6,000 மத்திய வங்கிக்குப் போகிறது. ஆண்களுக்கு 55, பெண்களுக்கு 50 வயதாகும்வரை பொதுவாக அதைத் தொட முடியாது.

மஸ்கெலியாப் பக்கத்துப் பிள்ளை ஒன்று, லைனில் ஐந்தாறு வருடமாக இருப்பவள், கூட்டம் குறையும்வரை காத்திருந்து வந்தாள்.

"மிஸ், கல்யாணம் முடிச்சு வேலைய விட்டுட்டுப் போறேன்னு எழுதிக் குடுத்தா முழுக் காசும் எடுக்கலாமாமே, உண்மையா?"

"எடுக்கலாம். உனக்குக் கல்யாணம் எப்ப?"

"கல்யாணம் எங்க மிஸ். காசு போயிருமேன்னுதான் கேக்குறேன்."

உன் பேரில் இருக்கிற தொகை குறையாது, இனி அது வளர்கிற வேகம்தான் குறையும் என்று அவளுக்கு விளங்கப்படுத்தினேன். கவனமாகக் கேட்டுவிட்டு, "பேங்குல போட்டிருந்தா இப்ப எவ்வளவு மிஸ் குடுப்பாங்க?" என்றாள். நிலையான வைப்புகளுக்கு வங்கிகள் 15 வீதத்துக்கு மேல் கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. உள்ளதைச் சொன்னேன். வேறு ஒன்றும் பேசாமல் லைனுக்குப் போய்விட்டாள்.

அவள் கேட்ட அந்தக் கேள்வியில்தான் முழு விசயமும் இருக்கிறது. ஈ.பி.எப் நிதி மூன்று டிரில்லியன் ரூபாயைத் தாண்டியது, அதில் மிகப் பெரும்பகுதி திறைசேரி முறிகளில், அதாவது அரசாங்கத்துக்குக் கொடுத்த கடனில் இருக்கிறது. அந்தப் பழைய முறிகளைக் கொடுத்துவிட்டுப் புதிய முறிகளை வாங்கச் சொன்னார்கள். 2025 வரை 12 வீதம், அதற்குப் பிறகு 9 வீதம், முதிர்வு 2027 முதல் 2038 வரை. மாற்ற மறுத்தால் அந்த வருமானத்துக்கு வரி 14 வீதத்திலிருந்து 30 வீதமாகும். இதைத்தான் 'விருப்பத் தெரிவு' என்றார்கள். செப்டெம்பரில் மாற்றி முடித்தார்கள்.

ரூபாய் முறிகளைப் பொறுத்தவரை இந்தச் சுமை ஓய்வூதிய, சேமலாப நிதிகளுக்கு மட்டும்தான். வங்கிகள் விலக்கப்பட்டன. முறிகள் வைத்திருந்த தனியாரும் விலக்கப்பட்டார்கள். 2022 கடைசியில் மூன்று மாதத் திறைசேரி உண்டியலுக்கு, அதாவது அரசின் குறுங்காலக் கடன் பத்திரத்துக்கு, 30 வீதத்துக்கும் மேல் வட்டி கிடைத்தது. கையில் காசு இருந்தவர்கள் அதை வாங்கினார்கள், முழு வட்டியும் எடுத்தார்கள். அது குற்றமில்லை, அரசாங்கம் கூவி விற்றது, அவர்கள் வாங்கினார்கள். அதே அரசாங்கத்துக்கு, தான் கடன் கொடுத்திருப்பதே தெரியாமல் கொடுத்திருந்த தையல் பிள்ளைக்குத்தான் வட்டியைக் குறைத்தார்கள்.

அரசாங்கத்தின் நியாயத்தையும் சொல்ல வேண்டும். வங்கிகள் ஏற்கெனவே வாராக் கடனால் அடிபட்டிருந்தன, அதிக வரியும் கட்டின. அவற்றில் கை வைத்து ஒன்று விழுந்திருந்தால் வைப்பிலிட்டவர்களின் காசும் போயிருக்கும். எங்கள் கணக்குப் பகுதியில் இருக்கும் அண்ணன் ஒருவர் இதை விடாமல் சொல்வார், அதில் பொய்யில்லை. 2023க்கு ஈ.பி.எப் 13 வீத வட்டி வரவு வைத்தது என்பதும் உண்மை. ஆனால் 2038 வரைக்கும் ஓடும் முறிகளில் 9 வீதம் என்று கட்டிப்போட்டது அந்த ஒரு வருடத்தோடு முடிகிற கணக்கல்ல. இன்னொரு 2022 வந்தால் யார் ஈடு செய்வது? வங்கியைக் காப்பாற்ற வேண்டும் என்பதிலிருந்து, மாதம் முப்பதாயிரம் எடுப்பவரின் முதுமைக் காசில் கை வைக்க வேண்டும் என்பது எப்படி வந்தது? முறிகளில் பெரிய இலாபம் பார்த்தவர்களிடம் ஒருமுறை வரியாவது கேட்டிருக்கலாம். அவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டும், வழக்குப் போடுவார்கள், வக்கீல் வைப்பார்கள். எங்கள் பிள்ளைகளின் காசு ஏற்கெனவே அரசின் கையில், ஒரே இடத்தில், ஒரே கையெழுத்தில் மாற்றக்கூடியதாக இருந்தது. இலகுவாக எட்டியதால் எடுத்தார்கள் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

2023 நவம்பர் 14ஆம் திகதி உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. கோட்டாபய, மஹிந்த, பஸில் ராஜபக்ஷ, மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்கள் அஜித் நிவாட் கப்ரால், டபிள்யூ.டி. லக்ஷ்மன் உள்ளிட்டவர்கள் பொருளாதாரத்தைக் கையாண்ட விதத்தால் மக்களின் நம்பிக்கையை மீறினார்கள், அடிப்படை உரிமையை மீறினார்கள் என்று நான்குக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் தீர்த்தது. வரிக்குறைப்பும், காலம் கடத்திச் சர்வதேச நாணய நிதியத்திடம் போனதும் அதில் பேசப்பட்டன. மனுதாரர்களுக்கு வழக்குச் செலவு 150,000 ரூபாய். மக்களுக்கு நட்டஈடு எதுவும் விதிக்கப்படவில்லை. அந்தத் தீர்ப்புக்கு இரண்டு மாதத்துக்கு முன்னர்தான் ஈ.பி.எப் முறிகள் மாற்றப்பட்டிருந்தன. யார் பொறுப்பு என்று நாட்டின் மிகப் பெரிய நீதிமன்றமே பெயர் சொல்லிவிட்டது, ஆனால் காசு வேறு ஆட்களின் கணக்கிலிருந்து போய்விட்டது. இதை நினைக்கும்போது எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது.

இதற்காக இந்தக் கடன் எங்களுடையதே இல்லை என்று சொல்ல நான் தயாரில்லை. எங்கள் கம்பனி வான் கொழும்புக்குப் போவது 2013இல் சீனாவின் எக்ஸிம் வங்கிக் கடனில் கட்டித் திறந்த அதிவேகப் பாதையில்தான். மெஷின்கள் ஓடும் மின்சாரத்தில் ஒரு பகுதி அதே வங்கியின் கடனில் கட்டிய நுரைச்சோலை மின் நிலையத்திலிருந்து வருகிறது. அவற்றுக்கான பங்கை நான் கட்டுவேன், பிள்ளைகளும் கட்டுவார்கள். விமானங்கள் பெரிதாக வராமல் கிடந்த மத்தள விமான நிலையத்தையும் 2019 வரிச்சலுகையையும் அதே பட்டியலில் சேர்த்து, சமமாகப் பிரித்துக் கட்டுங்கள் என்றால் அதை ஏற்க முடியாது. கொரியாவில் 1998இல் மக்கள் தாங்களே முன்வந்து இருநூறு தொன்னுக்கு மேல் தங்கம் கொடுத்தார்களே என்று கணக்குப் பகுதி அண்ணன் கேட்பார். அங்கே மக்களிடம் கேட்டார்கள், அண்ணன். இங்கே எங்கள் பிள்ளைகளிடம் யார் கேட்டது?

கேட்காமல் செய்ய நினைத்த ஒரு காலத்தில் கட்டுநாயக்க எப்படி இருந்தது என்று இங்கே பழையவர்கள் சொல்வார்கள். 2011இல் தனியார் துறை ஓய்வூதியச் சட்டமூலம் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஈ.பி.எப் காசில் ஒரு பகுதி அதற்குள் போய்விடும் என்று சுதந்திர வர்த்தக வலயத்துப் பிள்ளைகள் மே 30ஆம் திகதி ஆயிரக்கணக்கில் வீதிக்கு இறங்கினார்கள். பொலிஸ் சுட்டதில் ரொஷேன் சானக என்ற இளம் தொழிலாளி இறந்தார். சட்டமூலத்தை வாபஸ் வாங்கினார்கள். 2023இல் அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ஒரு வருடம் வரிசைகளில் நின்றும் ஓவர்டைம் இல்லாமல் இருந்தும் களைத்துப்போயிருந்தார்கள். வேலை போய்விடும் என்ற பயமும் இருந்தது.

2028இலிருந்து வெளிநாட்டுக் கடன்களின் முதலைத் திருப்பிக் கட்டுவது பெருமளவில் மீண்டும் தொடங்குகிறது. அதற்குள் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி ஈ.பி.எப் காசை வைத்திருப்பதும் முதலீடு செய்வதும் மத்திய வங்கி. அங்கத்தவர்கள் தெரிந்தெடுத்த ஒருவர்கூட அந்த முடிவுகள் எடுக்கும் இடத்தில் இல்லை. முறிகளை மாற்றுவதோ, வட்டியைக் குறைப்பதோ, என்ன செய்வதானாலும் அங்கத்தவர்களின் பிரதிநிதிகள் சம்மதிக்காமல் செய்யக்கூடாது என்று சட்டத்தைத் திருத்த வேண்டும். தொழிற்சங்கங்கள் இதைப் பல வருடமாகக் கேட்கின்றன. சம்பளப் பகுதியில் இருக்கும் நாங்களும் சேர்ந்து கேட்க வேண்டும். ஒவ்வொரு மாதமும் அந்தக் காசைப் பிடித்து அனுப்புவது நாங்கள்தானே.