பிளாக் கைக்கு வரும்வரை கத்தி வேண்டாம்: என் டெஸ்மாய்டு கட்டி அனுபவம்

வலது தோள்பட்டைக்குப் பின்னால் இருந்த கட்டியை எடுத்த பிறகு, அதே தழும்புக்கு அடியில் மறுபடியும் வந்தது. முதல் ஆபரேஷன் மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில். "கொழுப்புக் கட்டிதாம்மா, பயப்படாதீங்க" என்று சொல்லி மறுநாளே அனுப்பிவிட்டார்கள். பயாப்ஸி ரிப்போர்ட்டில் இரண்டே வரி: நார்த்திசுக் கட்டி, புற்றுநோய் அணுக்கள் இல்லை. திரும்ப வந்ததும் அதே இடத்தில் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். "இந்தத் தடவை சுத்தி இருக்கிற தசையையும் சேர்த்துப் பெருசா எடுத்துருவோம்" என்று தேதியும் குறித்தாகிவிட்டது. நான் தையல் வேலை செய்கிறவள். அப்புறம் கையை எவ்வளவு தூக்க முடியும் என்று கேட்டேன். ஒருவரும் நேராகப் பதில் சொல்லவில்லை.

இன்னொரு டாக்டர் பார்க்காமல் கத்தி வைக்க விடமாட்டேன் என்று அண்ணன் பிடிவாதமாக நின்றார். மேலூரிலிருந்து மதுரைக்கே போய் புற்றுநோய் அறுவை சிகிச்சை நிபுணர் ஒருவரைப் பார்த்தோம். அவர் படத்தைக்கூட அப்புறம்தான் பார்த்தார். முதல் கேள்வியே, "பழைய பிளாக் எங்க?"

அறுத்தெடுத்த திசுவைப் பார்மலினில் ஊறவைத்து மெழுகில் பதித்து வைப்பார்கள், அதுதான் பிளாக். இது டெஸ்மாய்டு கட்டியாக இருக்கலாம், பிளாக்கிலிருந்து புதிதாகச் சீவி பீட்டா கேட்டனின் என்ற புரதத்துக்குச் சாயம் போட்டுப் பார்க்க வேண்டும் என்றார். ஊசி போட்டும் சதை எடுக்கலாம், ஆனால் பழைய பிளாக் இருக்கும்போது எதற்கு மறுபடி குத்த வேண்டும் என்றும் சொன்னார்.

அங்கேதான் அலைச்சல் ஆரம்பித்தது. ஆஸ்பத்திரி ரெக்கார்டு அறையில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அதெல்லாம் லேப்ல கேளுங்க" என்றார். லேபில், "ஆஸ்பத்திரி லெட்டர் இல்லாம தரமாட்டோம்." லெட்டர் கேட்டுத் திரும்பிப் போனால், ஆபரேஷன் செய்த டாக்டர் கையெழுத்து வேண்டும், அவர் வாரத்தில் சில நாள்தான் வருவார். கையெழுத்தோடு போனால் லேபில், "ஸ்லைடு நம்பர் எழுதலையே." ஸ்லைடு என்பது பிளாக்கிலிருந்து சீவிய திசுவை ஒட்டிய கண்ணாடித் துண்டு. அந்த நம்பர் டிஸ்சார்ஜ் சம்மரியில் கிடையாது. பயாப்ஸி ரிப்போர்ட்டின் மேல் மூலையில் பொடி எழுத்தில் இருக்கும். அண்ணன் அதைக் கண்டுபிடித்துக் காட்டிய பிறகும், "பழசெல்லாம் தூக்கிப் போட்டிருப்போம்" என்றார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. என் உடம்பிலிருந்து எடுத்ததை நான் கேட்டால் பிச்சை கேட்பது போல நிற்க வைக்கிறார்கள். கடைசியில் உள்ளே இருந்த டெக்னீஷியன் பெண் ஒருவர் எழுந்து போய், பத்தே நிமிடத்தில் தேடி எடுத்து வந்தார். கட்டைவிரல் அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் சட்டம், ஓரத்தில் பென்சிலால் எழுதிய நம்பர், வெள்ளை மெழுகுக்குள் நகத்தளவு பழுப்புத் துண்டு. இவ்வளவுதான். அந்தப் பெண் நன்றாயிருக்க வேண்டும்.

வாங்கும்போது எத்தனை பிளாக், எத்தனை ஸ்லைடு என்று எழுதி வாங்குங்கள். மெழுகு என்பதால் சித்திரை வெயிலில் நிறுத்திய காருக்குள்ளோ, பஸ் என்ஜின் மேலோ வைத்துவிடாதீர்கள்.

ரிசல்ட் டெஸ்மாய்டு என்றே வந்தது. இது வேறு உறுப்புக்குப் பரவாது, அதனால் புற்றுநோய்க் கணக்கில் வராது. ஆனால் இருக்கும் இடத்தில் தசைக்குள் வேர் விட்டுப் போகக்கூடும், வெட்டினாலும் திரும்பி வரலாம். வருஷத்துக்குப் பத்து லட்சம் பேரில் ஒரு சிலருக்குத்தான் புதிதாக வருகிறது, சாதாரண ஆஸ்பத்திரியில் பிடிபடாமல் போவது அதனால்தான் என்றார் டாக்டர். குடும்பத்தில் யாருக்காவது குடலில் நிறைய பாலிப் (சதை மொட்டு) இருந்ததா, குடல் புற்றுநோய் வந்ததா என்றும் விசாரித்தார். அப்படி ஒரு பரம்பரைக் கோளாறோடு சேர்ந்தும் இது வருமாம். எங்கள் வீட்டில் இல்லை.

பல துறை டாக்டர்களும் உட்கார்ந்து பேசிச் சொன்ன முடிவு: உடனே வெட்ட வேண்டாம், கவனித்துப் பார்ப்போம். இப்போது பெரும்பாலும் இதுதான் முதல் வழியாம். மதினிக்கு இதை நம்பவே முடியவில்லை. "கட்டிய வச்சுக்கிட்டு சும்மா இருக்கச் சொல்றாங்களா?" என்றார். எனக்கு நம்பிக்கை வந்தது ஒரு தகவலால். சோராஃபெனிப் என்ற புற்றுநோய் மாத்திரையை இந்த நோய்க்குச் சோதித்து 2018இல் வெளியிட்டார்கள். மருந்து சாப்பிட்டவர்களில் 33 சதவீதம் பேருக்குக் கட்டி சுருங்கியது, மருந்தே இல்லாத மாத்திரை சாப்பிட்டவர்களிலும் 20 சதவீதம் பேருக்குச் சுருங்கியது. தானாக அடங்கும் கட்டியும் உண்டு என்றால், ஏன் அவசரப்பட்டுத் தசையை இழக்க வேண்டும்?

எனக்கு அடங்கவில்லை. அடுத்தடுத்த எம்.ஆர்.ஐ.யில் வளர்ந்தது, இரவில் அந்தப் பக்கம் படுக்க முடியாத வலி. கதிர்வீச்சு கொடுக்கலாம், ஆனால் என் வயதுக்குப் பிற்காலத்தில் அதனாலேயே புற்றுநோய் வர வாய்ப்புண்டு என்று தள்ளி வைத்தார்கள். குறைந்த அளவில் மெத்தோட்ரெக்சேட், வின்பிளாஸ்டின் என்ற கீமோ மருந்துகளை வாராவாரம் ஏற்றுவது இன்னொரு வழி. நிரோகசெஸ்டாட் என்ற மாத்திரைக்கு 2023இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்திருக்கிறது. எனக்குச் சோராஃபெனிப் என்று முடிவானது. மாதம் 2,80,000 ரூபாய் என்றிருந்த மருந்து இது. 2012இல் நம் நாட்டின் முதல் கட்டாய உரிமம் (காப்புரிமை வைத்திருப்பவர் சம்மதிக்காவிட்டாலும் வேறு கம்பெனி தயாரிக்க அரசு தரும் அனுமதி) இதற்குத்தான் கொடுக்கப்பட்டு, 9,000 ரூபாய்க்குள் வந்தது. அது நடக்காவிட்டால் எங்களைப் போன்றவர்கள் பேரைக்கூடக் கேட்டிருக்க மாட்டோம்.

காப்பீட்டு மேசையில் அடுத்த முட்டுக்கட்டை. "கேன்சர் இல்லைன்னு எழுதியிருக்கு, அப்புறம் எதுக்கும்மா கேன்சர் மாத்திரை?" என்று அங்கே இருந்தவர் ஃபைலைத் திருப்பிக் கொடுத்தார். பரவாத கட்டி, ஆனால் சுற்றியுள்ள தசையை அரிக்கிறது, திரும்ப வந்திருக்கிறது, வெட்டினால் கை செயலிழக்கும் என்று டாக்டரிடம் தனிக் கடிதம் வாங்கி, பழைய படத்தையும் புதிய படத்தையும் சேர்த்துக் கொடுத்த பிறகுதான் நகர்ந்தது. அந்தக் கடிதத்தை முதல் நாளே கேட்டு வாங்கிவிடுங்கள்.

மாத்திரை ஆரம்பித்ததும் உள்ளங்கை சிவந்து தோல் உரிந்தது, கத்தரிக்கோல் வளையத்துக்குள் விரலை விட முடியவில்லை. யூரியா கலந்த கிரீமும், கொஞ்ச நாள் மாத்திரை அளவைக் குறைத்ததும் சரிசெய்தன. பி.பி. ஏறலாம், வாரம் ஒருமுறை பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்தாலே போதும். கர்ப்பம் தரிக்கும் எண்ணம் இருந்தால் தொடங்கும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். இப்போது கட்டி வளரவில்லை, வலி பாதிக்கு மேல் குறைந்துவிட்டது, மெஷினில் உட்காருகிறேன்.

எம்.ஆர்.ஐ. எடுத்தால் ஃபிலிமோடு சி.டி.யும் கேளுங்கள், அதை வைத்துத்தான் அளவை ஒப்பிடுகிறார்கள். பிளாக்கை லேபில் காலம் முழுக்க வைத்திருக்க மாட்டார்கள். உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ எடுத்த கட்டி திரும்ப வந்திருந்தால், ரிப்போர்ட் மூலையில் இருக்கும் நம்பரைக் குறித்துக்கொண்டு இந்த வாரமே போய்க் கேளுங்கள்.