தெற்கே போ, தெற்கே போ

நாலு வேளை மருந்து மாதிரி அது. காலை ஐந்து, பதினொன்று, மாலை ஐந்து, இரவு பதினொன்று. மயாமியில் இருக்கும் தேசியச் சூறாவளி மையம் அந்த நேரத்துக்குத்தான் அறிக்கை விடும். ஃப்ளோரிடாவின் மேற்குக் கரையில் இருக்கும் டாம்பாவுக்கு வந்த இத்தனை வருஷத்தில், புயல் சமயத்தில் அலாரம் வைக்காமலே ஐந்து மணிக்கு விழிப்பு வந்துவிடும் அளவுக்குப் பழகிவிட்டது.

எங்கள் ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு புயல் வரைபடம் ஒட்டியிருக்கிறது. கட்டம் போட்டு, அட்ச ரேகை, தீர்க்க ரேகை எல்லாம் குறித்தது. அறிக்கை வந்ததும் மகள் அதைப் படித்து, தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை காந்தம் ஒன்றை அந்த இடத்துக்கு நகர்த்தி வைப்பாள். பத்து வயது. 2024 அக்டோபர் 7 திங்களிலிருந்து பள்ளிக்கூடம் மூடிவிட்டார்கள், அவளுக்கு இதுதான் வேலை. அந்த பொம்மை மெக்சிகோ வளைகுடாவின் தென்மேற்கு மூலையிலிருந்து தலையை ஆட்டிக்கொண்டே எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது.

மில்டன் சூறாவளி வந்த திசையே வேறு. பெரிய சூறாவளிகள் பலவும் ஆப்பிரிக்கக் கரைப் பக்கம் கருவாகி, அட்லாண்டிக்கைக் கடந்து கிழக்கிலிருந்து வரும். வாரக்கணக்கில் நேரம் இருக்கும். இது வளைகுடாவுக்குள்ளேயே பிறந்து மேற்கிலிருந்து நேராகக் கிழக்கே வந்தது. சனிக்கிழமை பேர் வைத்தார்கள். ஞாயிறு மதியம் சூறாவளி ஆனது. திங்கள் மதியத்துக்குள் ஐந்தாம் வகை, அதற்கு மேல் வகை கிடையாது. அன்று மாலை மணிக்கு 180 மைல் வேகம் என்று வந்தது. மயாமி தொலைக்காட்சியில் ஜான் மொராலிஸ் என்ற வானிலையாளர், பத்து மணி நேரத்தில் காற்றழுத்தம் 50 மில்லிபார் விழுந்துவிட்டது என்று சொல்லும்போதே குரல் உடைந்து, பார்ப்பவர்களிடம் மன்னிப்புக் கேட்டார். பல வருஷமாகப் புயல் பார்க்கிற மனிதர். அதைப் பார்த்துவிட்டு நானும் டிவியை அணைத்துவிட்டேன். அப்புறம் ரெண்டு நிமிஷத்தில் திரும்பவும் போட்டேன்.

எங்கள் மேயர் ஜேன் காஸ்டர் இன்னும் நேராகவே பேசினார். வெளியேறச் சொன்ன பகுதியில் தங்கினால் செத்துப்போவீர்கள், அவ்வளவுதான். டாம்பா விரிகுடாவில் 10 முதல் 15 அடி வரை கடல் ஏறலாம் என்று அறிக்கை சொன்னது. ஏ, பி என்று கரையோரத்தை மண்டலம் மண்டலமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். எங்கள் வீடு வடக்கே உள்ளே தள்ளி இருக்கிறது, எந்த மண்டலத்திலும் வராது. தண்ணீருக்கு ஓடு, காற்றுக்கு ஒளிந்துகொள் என்பது இந்த ஊர்ச் சொல். நாங்கள் ஒளிகிற ரகம்.

நாங்கள் என்றால் நானும் மகளும். என் மனைவி நர்ஸ். இங்கே ஆஸ்பத்திரிகளில் ‘ரைட்-அவுட் டீம்’ என்று ஒன்று உண்டு. புயலுக்கு முன்னால் உள்ளே போனால், புயல் கடந்து அடுத்த டீம் வந்து மாற்றும் வரைக்கும் வெளியே வர முடியாது. தலையணை, மூன்று செட் உடுப்பு, பவர் பேங்க், ஒரு டப்பா நிறையப் புளிசாதம். செவ்வாய் சாயங்காலம் கிளம்பும்போது வாசலில் நின்று, “ஏங்க, மாவு ரெண்டு டப்பா இருக்கு. கரண்ட் போறதுக்குள்ள எல்லாத்தையும் இட்லியா ஊத்திடுங்க” என்றாள். இதுதான் அவள் கடைசியாகச் சொல்லிவிட்டுப் போனது. ‘பத்திரம்’ என்று நான் சொல்ல நினைத்ததற்குள் கார் திரும்பிவிட்டது.

ஊற்றினேன். ஐம்பத்திரண்டு இட்லி.

எதிர்வீட்டு அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. டாம்பாவிலேயே பிறந்தவர். முற்றத்து நாற்காலிகளைக் காற்று தூக்கிப் போகாமல் இருக்க நீச்சல் குளத்துக்குள்ளேயே தள்ளிவிட்டிருந்தார். எனக்கும் ரெண்டு வித்தை சொல்லிக் கொடுத்தார். பாஸ்போர்ட், பத்திரம் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் கட்டி, பாத்திரம் கழுவும் மெஷினுக்குள் வைத்து மூடு. வீட்டிலேயே தண்ணீர் புகாமல் இறுக மூடுகிற பெட்டி அதுதான் என்பது அவர் கணக்கு. இன்னொன்று, ஒரு டம்ளர் தண்ணீரை உறைய வைத்து, அதன் மேல் ஒரு காசை வைத்து ஃப்ரீசரில் விடு. திரும்பிப் பார்க்கும்போது காசு மேலேயே இருந்தால் உள்ளே இருப்பதைச் சாப்பிடலாம். அடியில் கிடந்தால், நடுவில் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது, தூக்கிப் போட்டுவிடு. மகள் ஓடிப்போய் தன் உண்டியலிலிருந்து ஒரு ரூபாய்க் காசு எடுத்து வந்தாள். இருபத்தைந்து சென்ட் வேண்டாமாம்.

பயப்படாதே, டாம்பாவுக்கு நேராக எதுவும் வராது என்றும் அந்த அம்மா சொன்னார். தொகோபாகா என்ற பூர்வகுடிகள் இந்த விரிகுடாவைச் சுற்றி மண்மேடுகள் எழுப்பியிருக்கிறார்கள். அந்த மேடுகள்தான் ஊரைக் காக்கின்றன என்று இங்கே ஒரு நம்பிக்கை. கடைசியாக ஒரு பெரிய சூறாவளி டாம்பா விரிகுடாவை நேராக அடித்தது 1921 அக்டோபரில். அதற்குப் பிறகு நூறு வருஷம் எல்லாம் விலகியே போயின. இதைச் சொல்லிவிட்டு அவரும் பாஸ்போர்ட்டை மெஷினுக்குள் வைத்தார் என்பதையும் பதிவு செய்கிறேன்.

ஆனால் இந்தத் தடவை யாருக்கும் அந்தத் தைரியம் அவ்வளவாக இல்லை. காரணம், ரெண்டு வாரத்துக்கு முன்னால் வந்த ஹெலீன் சூறாவளி. அது கரையேறியது வடக்கே வெகுதூரத்தில், பெர்ரி என்ற ஊர் பக்கம். எங்களைத் தொடாமல் கடலில் தாண்டிப் போனதுதான். அதற்கே விரிகுடாவில் ஆறு அடிக்கு மேல் தண்ணீர் ஏறிவிட்டது. ஷோர் ஏக்கர்ஸ் என்ற கரையோரக் குடியிருப்பில், உடன் வேலை செய்கிறவர் ஒருவர் வீட்டைச் சுத்தம் பண்ணப் போயிருந்தேன். தெரு முழுக்க வாசலுக்கு வாசல் சோபா, மெத்தை, ஃப்ரிட்ஜ், பெயர்த்தெடுத்த சுவர்ப் பலகை, ஈரப் பொம்மைகள். அந்தக் குப்பை மலை அப்படியே இருக்கும்போது மில்டன் வருகிறது. காற்றில் கிளம்பினால் ஒவ்வொன்றும் ஒரு பீரங்கிக் குண்டு. ராத்திரி பகலாக லாரிகள் அள்ளின. முழுசாக அள்ள எங்கே நேரம்.

செவ்வாய் இரவு மகள் கேட்டாள். “எல்லாரும் ஏன்பா புயல் தெற்கே போகணும், தெற்கே போகணும்கறாங்க? பத்து மைல்ல என்ன இருக்கு?”

அடுப்பில் ரசம் இருந்தது. கரண்டியை விட்டு இடப்பக்கமாகச் சுழற்றிக் காட்டினேன். சூறாவளி இந்தப் பக்கமாகத்தான், கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றும். ரசத்தின் நடுச் சுழிதான் கண். கண் நமக்கு வடக்கே போனால், நம்மிடம் காற்று கடலிலிருந்து கரைக்கு அடிக்கும். விரிகுடா ஒரு புனல் மாதிரி, தண்ணீர் முழுக்க அதற்குள் வந்து ஏறும். கண் தெற்கே போனால் அதே காற்று கரையிலிருந்து கடலுக்கு அடிக்கும். தண்ணீரை வெளியே இழுத்துவிடும். 2017-இல் இர்மா வந்தபோதும், 2022-இல் இயன் வந்தபோதும் டாம்பாவில் கடல் பின்வாங்கித் தரை தெரிந்தது. இயன் தெற்கே ஃபோர்ட் மையர்ஸ் பக்கம் போய் விழுந்தது.

“அப்ப தெற்கே இருக்கறவங்களுக்கு?” என்றாள்.

ரசம் பொங்கிவிட்டது.

இங்கே ஒரு பழைய கதை சொல்ல வேண்டும். எங்கள் ஊர் வேதாரண்யம் பக்கம். 2018 நவம்பரில் கஜா வந்தபோது நான் இங்கே ஆபீசில் உட்கார்ந்திருந்தேன். அங்கே நடுராத்திரி, இங்கே மதியம். முதலில் அது கடலூருக்கு வடக்கே கரையேறும் என்றுதான் சொல்லியிருந்தார்கள். பிறகு தெற்கே, தெற்கே என்று இறங்கி எங்கள் தலைக்கு வந்தது. கல்லூரி நண்பர்கள் வாட்ஸாப் குழுவில் சென்னைக்காரன் ஒருவன் எழுதினான்: “தப்பிச்சோம்டா.” கூடவே ரெண்டு கும்பிடும் கை. நாலு நாள் அம்மாவோடு பேச முடியவில்லை. கொல்லையில் முப்பத்தேழு தென்னம்பிள்ளையில் நாலு மிஞ்சியது. அந்த ஒற்றை வரிக்காக அவனோடு நான் ரொம்ப நாள் சரியாகப் பேசவில்லை. அவன் என்ன தப்பாகச் சொன்னான் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

புதன்கிழமை. மதியத்துக்குள் அறிக்கையின் கோடு சரசோட்டாப் பக்கம் நகர்ந்துவிட்டது. எங்களுக்குத் தெற்கே சுமார் அறுபது மைல். டிவியில் பல கணினி மாடல்களின் பாதைகளை ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டுக் காட்டுவார்கள்; ஸ்பகெட்டி என்பார்கள், எங்கள் வீட்டில் அதற்கு இடியாப்பம் என்று பேர். ரெண்டு நாளாக எங்கள் தலை மேல் கிடந்த இடியாப்பம் முழுக்கத் தெற்கே சரிந்து கிடந்தது. மழை கொட்டிக்கொண்டே இருந்தது. போனில் விட்டு விட்டு அந்தக் கர்ணகொடூரமான எச்சரிக்கை ஒலி. இதற்குள் மாநிலத்தின் அந்தக் கோடியில், கிழக்குக் கரையில், புயலின் வெளிவட்டத்திலிருந்து சுழல்காற்றுகள் கிளம்ப ஆரம்பித்திருந்தன. ஃபோர்ட் பியர்ஸ் பக்கம் முதியவர்கள் வசிக்கும் ஒரு குடியிருப்பில் ஆறு பேர் போய்விட்டார்கள். கண் இன்னும் மேற்குக் கரையைத் தொடவே இல்லை. இது மேற்குக் கரைக்காரர்களின் புயல் என்றுதானே அவர்களும் நினைத்திருப்பார்கள்.

ஐந்து மணி அறிக்கை பார்த்தேன். பொம்மையை மகள் நகர்த்தினாள். எனக்கு ரெண்டு நாளாக அடைத்திருந்த மூச்சு ஒன்று வெளியே வந்தது. எங்கள் தமிழ் நண்பர்கள் குழுவில் எழுதினேன்: “கோடு தெற்கே போயிடுச்சு. தப்பிச்சோம்.”

அனுப்பிவிட்டுத்தான் ஞாபகம் வந்தது. அந்தக் குழுவில் சரசோட்டா அண்ணனும் இருக்கிறார்.

இந்த ஊருக்கு நான் வந்த புதிதில் கார் வாங்கக் கூட வந்தவர், லைசென்ஸ் டெஸ்டுக்குக் கூட்டிப் போனவர். நீக்கிவிடலாம் என்று விரலை வைத்தேன். அதற்குள் ரெண்டு நீல டிக். அப்புறம் அவரிடமிருந்து ஒரு கட்டைவிரல். அவ்வளவுதான், வேறு ஒன்றும் இல்லை.

இரவு எட்டரை மணி வாக்கில் மில்டன் சியஸ்டா கீயில் கரையேறியது. சரசோட்டாவை ஒட்டிய தீவு. மூன்றாம் வகை, மணிக்கு 120 மைல். அங்கே வேதாரண்யம் பக்கம் எங்கள் ஊரில் காலை ஆறு மணி. அம்மா வாசல் தெளித்துவிட்டுக் கூப்பிட்டது. “காத்து எந்தப் பக்கமிருந்து அடிக்குது தம்பி?” என்றுதான் முதல் கேள்வி. வடகிழக்கு என்றேன். “அப்ப கண்ணு ஒன் மேல வராது. வந்தா சட்டுனு நின்னுபோயிரும், ஓஞ்சிருச்சுன்னு வெளிய போயிறாத. திரும்ப எதிர்ப்பக்கமா வரும், அதான் மரத்த சாய்க்கிறது.” கஜா படித்துக் கொடுத்த பாடம். பேசிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனது. ஜன்னல் இல்லாத உள் அறையில் மெத்தையைப் போட்டு, மகளை நடுவில் விட்டு, ஹெல்மெட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். ராத்திரி முழுக்க ஒரு ரயில் வீட்டைச் சுற்றிக்கொண்டே இருந்தது. அண்ணனுக்கு நாலு தடவை அடித்தேன். போகவில்லை.

விடிந்து தெரிந்துகொண்டவை: விரிகுடாவில் கடல் ஏறவில்லை, பின்வாங்கிப் போயிருந்தது. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் 18 அங்குலத்துக்கு மேல் மழை. மீட்பு ஆட்களுக்குக் கட்டில் போட்டு வைத்திருந்த டிராபிகானா ஃபீல்ட் மைதானத்தின் துணிக்கூரை கிழிந்து தொங்கியது. நல்லவேளை, அதற்குள் யாருக்கும் அடியில்லை. மாநிலம் முழுக்க 30 லட்சத்துக்கு மேல் இணைப்புகளில் கரண்ட் இல்லை. எங்கள் வீட்டில் வேலி இருபது அடி போனது, அவ்வளவே. எதிர்வீட்டு அம்மா குளத்திலிருந்து நாற்காலி எடுக்க ஆள் தேடினார்.

மனைவி வியாழன் இரவு வந்தாள். கண் ரெண்டும் உள்ளே போயிருந்தது. நேராக ஃப்ரிட்ஜைத் திறந்து, “எத்தனை இட்லி இருக்கு?” என்றாள். ஒன்பது.

வெள்ளி சாயங்காலம் கரண்ட் வந்தது. காசு மேலேயே இருந்தது.

சனிக்கிழமை சரசோட்டா அண்ணன், அண்ணி, ரெண்டு பையன்கள், ஒரு நாய், எல்லாரும் குளிக்கவும் போன் சார்ஜ் போடவும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். கூரையில் பாதி ஓடு இல்லை, பின்கட்டு வலைக்கூண்டு பக்கத்து வீட்டுக் குளத்தில் கிடக்கிறது, கரண்ட் எப்போது வரும் என்று தெரியாது. ஆள் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மகள் ஃப்ரிட்ஜ் கதவில் பொம்மை கடைசியாக நின்ற இடத்தை அவருக்குக் காட்டினாள். குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார்.

“சரியா வச்சிருக்கே பாப்பா. இந்தா, இதான் எங்க வீடு” என்று பொம்மையின் தலையைத் தொட்டார். அது ஆடியது.

அந்த மெசேஜைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. நானும் எடுக்கவில்லை. புதுசாக அரைத்த மாவு அன்றைக்குப் பார்த்துப் புளிக்கவே இல்லை. தோசை கல்லில் ஒட்டிக்கொண்டே வந்தது. பிய்ந்ததை நான் எடுத்துக்கொண்டு, முழுசாக வந்ததை எல்லாம் அவர் தட்டில் போட்டேன்.

“போதும் தம்பி, நீ உட்காரு” என்றார்.

இன்னும் ரெண்டு ஊற்றினேன்.